சங்கத்துக்கு ஒரு பக்கம் வேணுமாம்

விக்கிப்பீடியாவுல சங்கத்துக்கு ஒரு பக்கம் போடணும்னு தீர்மானமே நெறவேத்திட்டீங்களாமே தம்பி. தலைவரு முன்மொழிஞ்சாராம், தலைவரோட மச்சான் வழிமொழிஞ்சாராம், எதிர்ப்பே இல்லையாம். எதுக்குறதுக்கு ஆளு வேணுமில்ல? வந்ததுல பாதிப் பேரு தேத்தண்ணிக்கும் வடைக்கும் வந்தவங்க. செயலாளருங்கிற மொறையில எழுதுற வேல ஒன் தலையில விழுந்திருச்சு. நீயும் கொப்பியத் தூக்கிக்கிட்டு ஏங்கிட்ட யோசன கேக்க வந்திட்ட. ராகலை டவுன்ல கம்ப்யூட்டர் படிச்ச புள்ளைங்க எத்தனையோ இருக்கு. பெரட்டுக் களத்துலயே ஆயுசக் கழிச்ச கெழவனத் தேடி வந்தியே, ஒன் தைரியத்த மெச்சணும்.

ஒன்ன மொதல்லயே சொல்லிப்புடுறேன். ஒங்க சங்கத்த நான் கொற சொல்ல மாட்டேன். லயத்துல ஒரு சாவு விழுந்தா பெட்டிக்கும் பந்தலுக்கும் காசோட மொத ஆளா வந்து நிக்கிறது நீங்கதான். சாதாரண தரம் எழுதுற புள்ளைங்களுக்கு ராவுல வகுப்பு வக்கிறீங்க, தைப்பொங்கலுக்கு அப்பியாசக் கொப்பி குடுக்கிறீங்க. எல்லாம் நல்ல வேலதான். ஆனா நல்ல வேல செஞ்சவங்களுக்கெல்லாம் கலைக்களஞ்சியத்துல எடம் உண்டுன்னு ஒங்க தலைவருக்கு யாரு சொன்னது? புண்ணியக் கணக்கு எழுதுற ஆபீஸ் எமலோகத்துல இருக்கு. அங்க சித்திரகுப்தன் யாருகிட்டயும் மேற்கோள் கேக்க மாட்டான்.

நம்ம ஊரு ரயிலு தெரியுமா ஒனக்கு? நானுஓயாவுல பொறப்பட்டு நுவரெலியா, கந்தப்பளை, புரூக்சைட் வழியா ராகலை வரைக்கும் ஓடுச்சு. ரெண்டரை அடி அகலத்துல சின்னத் தண்டவாளம். 1903ல நுவரெலியா வரைக்கும் வந்தது, அடுத்த வருசம் ராகலைக்கு ஏறிருச்சு. தேயிலப் பெட்டிய எறக்கவும் அரிசி மூட்டைய ஏத்தவும் வெள்ளக்காரன் போட்ட பாத. 1940கள்ல அது கதை முடிஞ்சிருச்சு, தண்டவாளத்தையும் கழட்டிட்டாங்க. இப்ப ஸ்டேசன் எங்கன்னு கேட்டா ஆளுக்கு ஒரு பக்கம் கை நீட்டுவான். ஆனா பாரு, அந்தச் செத்துப்போன ரயிலுக்குக் கலைக்களஞ்சியத்துல எடம் இருக்கு. உயிரோட நடமாடுற ஒங்க சங்கத்துக்கு இல்ல.

ஏன்னு கேளு. ரயில்வே இலாகா வருசா வருசம் அறிக்க போட்டுச்சு. பிரயாணம் வந்த தொரைமாரு புத்தகத்துல எழுதுனான். அப்புறம் ரயிலுன்னா சோறு தண்ணி மறந்துபோற ஒரு சாதி உலகமெல்லாம் இருக்கு, அவங்க தண்டவாளம் கழட்டின பெறகும் விடாம எழுதிக்கிட்டே இருக்காங்க. ரயிலு தன்னப் பத்தி ஒரு வரி எழுதல பாரு. எழுதுனதெல்லாம் மத்தவங்க.

சட்டம் அவ்வளவுதான் தம்பி. ஒங்களோட சம்பந்தம் இல்லாத ஆளு, நம்பகமான எடத்துல, ஒங்களப் பத்தி விரிவா எழுதியிருக்கணும். அதுவும் ஒருத்தரு எழுதுனா பொதுவாப் பத்தாது, ஒன்னுக்கு மேற்பட்ட எடத்துல வந்திருக்கணும். நம்ம கொழுந்து மடுவத்த நெனச்சுக்க. கொழுந்து பறிச்சது நீதான், சொமந்து வந்ததும் நீதான். ஆனா தராசு ஒன் கையில இல்ல. கூடைக்கும் சாக்குக்கும் ஒரு கழிவு, ஈரத்துக்கு ஒரு கழிவு, அது போக மிச்சம் எவ்வளவோ அதுக்குத்தான் பேரு விழும். ‘நானே நிறுத்துட்டேன், இருபத்தஞ்சு கிலோ இருக்கு, எழுதிக்கங்க’ன்னு கணக்கப்புள்ளகிட்டச் சொல்லிப் பாரு, அர நாள் பேரு கூடப் போட மாட்டான்.

சரி, ஒன் பைல எடு. என்னென்ன கொண்டாந்திருக்க? பிரதேச செயலகத்துல பதிஞ்ச சான்றிதழா? அழகா பிரேம் போட்டிருக்கீங்க. ஆனா அது பதிவு. இந்த நாட்டுல 1980ஆம் வருசத்து 31ஆம் எலக்கச் சட்டம்னு தொண்டு நிறுவனங்களப் பதியிறதுக்குன்னே ஒன்னு இருக்கு. அதுல பதிஞ்சதையெல்லாம் கலைக்களஞ்சியத்துல போட்டா அதுக்குப் பேரு கலைக்களஞ்சியம் இல்ல, பதிவேடு. அடுத்தது என்ன, பேஸ்புக் பக்கமா? நீயே எழுதி, நீயே லைக் போட்டு, நீயே ‘வாழ்த்துக்கள்’னும் எழுதியிருக்க. அத மடிச்சு வையி. கனடாவுல இருக்கிற நன்கொடக்காரரு கடுதாசியா? காசு குடுத்தவரு நல்லாச் செய்றீங்கன்னுதான் எழுதுவாரு, ஏமாந்துட்டேன்னா எழுதப் போறாரு?

இந்தா, பேப்பர் துண்டு. வீரகேசரி 1930லருந்து வருது, தினகரன் 1932லருந்து. ரெண்டும் நம்பகமான எடந்தான், அதுல சந்தேகமில்ல. தமிழ்ப் பேப்பர் செல்லாது, இங்கிலீசு வேணும், கம்ப்யூட்டர்ல கெடைக்கணும்னு எவனாவது சொன்னா நம்பாத. அச்சுல வந்த தமிழ்ப் பேப்பரும் சான்றுதான். ஆனா இந்தத் துண்டுல என்ன இருக்கு? அமைச்சரு நடுவுல நிக்கிறாரு. ரெண்டு பக்கமும் பிரதேச சபை ஆளுங்க. கொப்பி வாங்குற புள்ளையோட கையி மட்டும் தெரியுது, மொகம் தெரியல. ஒங்க தலைவரு அமைச்சரோட தோளுக்கு மேல எட்டிப் பாக்குறாரு. கீழ நாலு வரி, ‘மேற்படி நிகழ்வில் பலரும் கலந்து சிறப்பித்தனர்’. அந்தப் பலர்ல நீங்களும் ஒருத்தர், அவ்வளவுதான். போதாததுக்கு, அந்த நாலு வரிய எழுதி நிருபருகிட்டக் குடுத்தது யாருன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? ‘அளப்பரிய’ங்கிற சொல்ல இந்த வட்டாரத்துல ஒன்னத் தவிர எவனும் எழுதுறதில்ல.

கோவிச்சுக்காத. ஒங்க தலைவரு கேக்குற கேள்வியும் எனக்குத் தெரியும். ‘தமிழ் விக்கிப்பீடியாவுல லட்சத்துக்கு மேல கட்டுர இருக்கு, அதுல நமக்கு ஒன்னு ஒதுக்க மாட்டாங்களா?’ங்கிறாரு. வீட்டுத் திட்டத்துல வீடு ஒதுக்குற மாதிரி நெனச்சிட்டாரு. 2003ல அந்தத் தமிழ்க் களஞ்சியம் தொடங்கின காலத்துல கைவிரல் விட்டு எண்ணுற அளவுக்குத்தான் எழுத ஆளு. அதத் தூக்கி நிறுத்துன மயூரநாதன் நம்ம நாட்டுக்காரரு, வளைகுடா நாட்டுல கட்டடக்கலைஞரா இருந்துக்கிட்டே ராப்பகலா எழுதுனவரு. 2017ல லட்சத்தத் தொட்டுச்சு. சம்பளம் வாங்காம எழுதுன லட்சம் அது. அதுல நம்ம பேர எழுதிக் குடுக்கறதுக்கு யாரும் கடன்பட்டிருக்கல.

இப்ப நீ ஒன்னு கேக்கணும், கேக்க மாட்டேங்குற. நானே கேட்டுக்கிறேன். இந்தச் சட்டம் நம்ம மாதிரி ஆளுங்களுக்கு ஞாயமா?

ஞாயமில்ல. அதையும் சொல்லித்தான் ஆகணும். எழுதி வச்சவனுக்குத்தான் எடம்னா, மலையில பேனா யாரு கையில இருந்துச்சு? பெர்குசன் டைரக்டரின்னு ஒரு தடிப் புத்தகம் வந்துகிட்டிருந்துச்சு. இலங்கையில இருந்த அத்தன தோட்டமும் அதுல இருக்கும். எத்தன ஏக்கரு, யாருக்குச் சொந்தம், தொரை யாரு, எல்லாம் அச்சுல. ஜேம்ஸ் டெய்லர் 1867ல லூல்கந்துரயில தேயில போட்டது ஒலகத்துக்கே தெரியும். அந்தத் தேயிலக்குக் குழி வெட்டின ஒருத்தன் பேரு சொல்லு பாப்போம். செக்ரோல்ல எழுதியிருப்பான், அந்தச் செக்ரோலு கரையானுக்குப் போயிருக்கும். தொரைக்கும் ரயிலுக்கும் சான்று இருக்கு, நம்ம பூட்டனுக்கு இல்ல. தராசு சரியாத்தான் இருக்கு தம்பி. கொழுந்தக் காலங்காலமா ஒருத்தன் மட்டும் மடுவத்துக்குக் கொண்டுவந்தா தராசு என்ன பண்ணும்?

பேப்பர்க்காரனும் நம்ம பக்கம் எப்ப வருவான்? எலெக்சன் வந்தா வருவான், சம்பளப் போராட்டம்னா வருவான், மண்ணு சரிஞ்சா வருவான். 2014 அக்டோபர் 29ல கொஸ்லந்த மீரியபெத்தையில லயம் புதைஞ்சுச்சு. அன்னிக்குத்தான் அந்தத் தோட்டத்தோட பேரு கொழும்புக்காரன் வாயில நொழஞ்சது. அதுக்கு மொத நாளு வரைக்கும் அங்க மரண உதவிச் சங்கம் இருந்துச்சா, ராவு வகுப்பு நடந்துச்சான்னு எவன் எழுதுனான்? செத்தாத்தான் செய்தி. 1940 ஜனவரியில முல்லோயாத் தோட்டத்துல வேலநிறுத்தம் நடந்தப்ப பொலிஸ் சுட்டுச் செத்தான் கோவிந்தன். அவன் பேரு நமக்குத் தெரியுறதுக்கும் காரணம், அந்தச் சூட்ட விசாரிச்சு எழுத வேண்டி வந்ததுதான்.

ஆனா அதோட பொலம்பி முடிச்சிராத. பேனாவப் புடுங்கிக்கிட்ட ஆளுகளும் நம்ம பக்கம் உண்டு. தஞ்சாவூர்ல இருந்து வந்த நடேசய்யரு பத்திரிக நடத்துனாரு, 1931ல தோட்டத் தொழிலாளிக்குச் சங்கம் கட்டினாரு, 1936ல அட்டன் தொகுதியில அரசாங்க சபைக்கும் போனாரு. இன்னிக்கு அவரப் பத்தி எவன் எழுதுனாலும் எதத் தூக்கி மேற்கோள் காட்டுறான்? சாரல் நாடன் எழுதுன புத்தகத்த. பழைய பேப்பரு, பழைய கடுதாசின்னு வருசக்கணக்கா அலஞ்சு அந்த மனுசன் எழுதி வச்சாரு. நடேசய்யரு நடத்துன சங்கம் பெருசு, சரி. ஆனா ஒரு சாரல் நாடன் இல்லாம இருந்திருந்தா அவரும் பாதி மறந்துபோயிருப்பாரு.

சின்ன நிறுவனம் எதுக்கும் எடமே கெடைக்காதான்னா, அதுவும் பொய். கண்டியில 1972ல பாதிரியார் போல் கஸ்பர்ஸ் ‘சத்தியோதயம்’னு ஒன்னு தொடங்குனாரு. யேசு சபைச் சாமியாரு. பெரிய நிறுவனம் ஒன்னுமில்ல. ஆனா தோட்டத்து மக்களோட பிரசா உரிம, சம்பளம், கலவரம்னு எல்லாத்தையும் ஆராஞ்சு எழுதுனாங்க. அத எடுத்து மத்த ஆய்வாளனுங்க எழுதுனாங்க. அதே கண்டியில இருக்கிற சமூக அபிவிருத்தி நிறுவகம், கம்பளப் பக்கம் பழைய பீக்கொக் தோட்டத்துல 2007ல தொழிலாளருக்குன்னு ஒரு நூதனசாலை தொறந்தாங்க. கொழுந்துக் கூட, கவ்வாத்துக் கத்தி, கம்பளி, பழைய பத்திரம்னு நம்ம வீட்டுப் பரண்ல கெடந்த சாமான்தான். எங்கன்னு நெனக்கிற? பழைய லயத்துக் காம்பராவுலயேதான். பாக்க வந்தவன் ஒவ்வொருத்தனும் எழுதிட்டுப் போனான். இவங்க யாரும் பக்கம் வேணும்னு தீர்மானம் போட்டதா நான் கேள்விப்படல.

பெரிய ஆளுங்களுக்கே ‘இல்ல’ன்னு கதவச் சாத்தியிருக்காங்கன்னு தெரிஞ்சா ஒங்க தலைவருக்கு மனசு ஆறும். கனடாவுல டோனா ஸ்ட்ரிக்லண்டுன்னு ஒரு பௌதிகப் பேராசிரியை. லேசர் ஒளியப் பத்தி 1985லயே பெரிய வேல செஞ்ச அம்மா. 2018ல யாரோ அவங்களப் பத்தி இங்கிலீசு விக்கிப்பீடியாவுக்கு ஒரு கட்டுர எழுதி அனுப்புனாங்க. மே மாசம் சான்று பத்தாதுன்னு திருப்பிட்டாங்க. அக்டோபர் 2ஆம் தேதி அந்த அம்மாவுக்கு நோபல் பரிசு. பௌதிகத்துக்கு நோபல் வாங்குன மூணாவது பொம்பள. அன்னிக்கே ஓடி ஓடிப் பக்கம் போட்டாங்க. இதுல ரெண்டு பக்கமும் பாரு. அந்தக் களஞ்சியத்துக்காரங்க தப்பே பண்ண மாட்டாங்கன்னு சொல்ல முடியாது. அதே நேரம், வெளியில எழுதாம விட்டவங்க தப்புதான் அவங்க தலையில விடிஞ்சது. ஒங்க தலைவருகிட்ட இந்தக் கதையச் சொல்லு, ஆனா நோபல் விசயத்த மெதுவாச் சொல்லு. அடுத்த கூட்டத்துல அதுக்கும் தீர்மானம் வந்துரும்.

இன்னொரு எச்சரிக்க. கட்டுர போட்டு, அவங்க நீக்கிட்டாங்கன்னு வச்சுக்க. பத்து நாள்ல ஒருத்தன் மெயில் போடுவான். ‘நான் உள்ள இருக்கிற ஆளு, கொஞ்சம் செலவு பண்ணுனா முடிச்சுத் தர்றேன்’னுவான். சும்மா பயமுறுத்துறேன்னு நெனக்காத. 2015ல இங்கிலீசு விக்கிப்பீடியாவுல 381 கணக்க ஒரே மூச்சுல தடை பண்ணுனாங்க. அந்தக் கூட்டம் என்ன பண்ணுச்சு தெரியுமா? யாரோட கட்டுர திரும்பி வருதோ அந்தச் சின்னக் கம்பெனிகளாப் பாத்துத் தேடிப் புடிச்சு காசு கறந்துச்சு. பக்கம் போட ஒரு காசு, போட்ட பக்கத்தக் காப்பாத்த இன்னொரு காசு. மரண உதவிக்குச் சேத்த காச அவன் கையில குடுத்துட்டு வந்தீங்கன்னா, அடுத்த சாவுக்கு நான் பெட்டியில ஏற மாட்டேன், எந்திரிச்சு வந்து கணக்குக் கேப்பேன்.

இன்னொன்னு. நீக்கலாமா வேணாமான்னு அங்க பேச்சு நடக்கும். ஒடனே சங்கத்து ஆளுங்க அம்பது பேருக்குக் கணக்குத் தொறந்து குடுத்து ‘வைத்திருக்கவும், வைத்திருக்கவும்’னு எழுத வைக்காத. அங்க கை தூக்குனத எண்ண மாட்டாங்க, சான்று என்னன்னுதான் பாப்பாங்க. நேத்துப் பொறந்த கணக்கெல்லாம் வரிசையா ஒரே எழுத்துப் பிழையோட வந்து நின்னா யாரு வேலன்னு கண்டுபுடிக்க அவங்களுக்கு ஒரு நிமிசம் ஆகாது.

சரி, ‘வேணாம்’னு மட்டும் சொல்லி அனுப்புறதுக்கு ஒரு கெழவன் தேவையில்ல. செய்ய வேண்டியதச் சொல்றேன், எழுதிக்க. சங்கத்துக்குத் தனிப் பக்கம் கேக்காத, ஊருக்கு இருக்கிற பக்கத்தப் பாரு. ராகலை, கந்தப்பளை, ஹல்கிரனோயா, உடப்புசல்லாவை, வலப்பனை, இதுல எதையாவது தொறந்து பாரு, என்னென்ன இல்லன்னு நீயே தலையில அடிச்சுக்குவ. கோயிலு, பள்ளிக்கூடம், ரயில் ஓடுன பாத, எந்தத் தோட்டம் எப்ப யாரு கைக்கு மாறுச்சுங்கிறது, காமன் கூத்து எங்கெங்க நடக்குதுங்கிறது, சான்றோட எழுது. பழகுறதுக்கு மணல்தொட்டின்னு ஒரு எடம் வச்சிருக்காங்க, அதுல எவ்வளவு வேணாலும் கிறுக்கலாம். ஒங்க சங்கத்தப் பத்தி ஒரு வரி அங்க வரணும்னு தோணுச்சா, பேச்சுப் பக்கத்துல போயி ‘நான் இந்தச் சங்கத்துச் செயலாளர், இன்ன பேப்பர்ல இன்ன தேதியில வந்திருக்கு, சேக்கலாமான்னு பாருங்க’ன்னு ஒளிவுமறைவில்லாம எழுது. சேத்தா சேக்கட்டும், சேக்காட்டி விடட்டும்.

அடுத்தது, நூலகம் நிறுவனம். 2005லருந்து இலங்கைத் தமிழ்ப் புத்தகம், சஞ்சிக, துண்டுப்பிரசுரம், விழா மலர்னு கெடச்சதையெல்லாம் ஸ்கேன் பண்ணி வலையில ஏத்துறாங்க. அவங்களும் தொண்டு நிறுவனந்தான். நீ யாருன்னு கேக்க மாட்டாங்க, என்ன வச்சிருக்கன்னு கேப்பாங்க. செத்தவங்களுக்கு முப்பத்தோராம் நாள் அடிக்கிற நினைவு மலரக் கூட எடுத்துப் பத்திரப்படுத்துறாங்கன்னா பாத்துக்க. ஒங்க சங்கத்தோட கூட்டக் குறிப்புக் கொப்பி, சந்தா ரெஜிஸ்டர், யாரு சாவுக்கு எவ்வளவு குடுத்தீங்கங்கிற கணக்கு, எல்லாத்தையும் கேட்டுப் பாத்து அங்க சேத்துரு. அதுனால மட்டும் பக்கம் கெடச்சுராது, அதுவும் ஒங்க கைப்பட எழுதுனதுதான். ஆனா தோட்டத்து ஏழைங்க பாங்கியும் இன்சூரன்சும் இல்லாம ஒருத்தரையொருத்தர் எப்புடி அடக்கம் பண்ணுனாங்கன்னு பேராதனையிலயோ யாழ்ப்பாணத்துலயோ ஒரு புள்ள ஆராயணும்னு கெளம்பினா, அது கையில என்ன கெடைக்கும்? எரிஞ்சதும் கரையான் தின்னதும் போக ஒங்க கொப்பி ஒன்னு இருந்தா, அந்தப் புள்ள எழுதும். அந்தப் புள்ள எழுதுனா அது சான்று.

2023ல மலையகம் 200ன்னு தலைமன்னார்லருந்து மாத்தளை வரைக்கும் நடந்தாங்களே, ஞாபகம் இருக்கா? ஜூலை 28ல பொறப்பட்டு ஆகஸ்ட் 12ல போயி சேந்தாங்க. பூட்டன் நடந்த பாதையில பேரனும் பேத்தியும் நடந்தாங்க. எல்லாப் பேப்பர்லயும் வந்துச்சு, மூணு மொழியிலயும் வந்துச்சு. நீங்களும் தண்ணிப் போத்தல் கொண்டுபோயி குடுத்தீங்க. அந்த நடைக்கு வரலாத்துல எடம் இருக்கும். தண்ணி குடுத்தவனுக்குத் தனிப் பக்கம் கேக்கலாமா சொல்லு? நடந்தவங்ககிட்ட ஒக்காந்து அவங்க பாட்டன் கதையக் கேட்டு எழுதியிருந்தா, அது வேற விசயம். தண்ணி குடுத்த படம் ஒங்ககிட்ட நூறு இருக்கும், கேட்டு எழுதுன கடுதாசி ஒன்னு இருக்கா?

அதுக்கும் இப்ப ஒன்னும் நேரம் போயிறல. கீழ் டிவிசன் கடைசி லயத்துல ஒரு கெழவி இருக்கு. கப்பலேறி இந்தியாவுக்குப் போன அக்கா, போகாம நின்ன தங்கச்சி, சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துல குடும்பம் ரெண்டாப் பிரிஞ்ச கதை, மரண உதவிச் சங்கம்னு ஒன்னு வர்றதுக்கு முந்தி பொணத்த எப்புடித் தூக்குனாங்கங்கிற கதை, அம்புட்டும் அதுகிட்ட இருக்கு. போன்ல ரெக்கார்டு பண்ணு, அதுகிட்ட அனுமதி கேட்டுட்டுப் பண்ணு. காது மந்தம், சத்தமாக் கேக்கணும். வெத்தல வாங்கிட்டுப் போ. ஒங்க தலைவரக் கூட்டிட்டுப் போகாத. போனா, அவரு சின்ன வயசுல கோயில் உண்டியல்கிட்ட என்ன பண்ணிக்கிட்டிருந்தாருன்னு அது ஆரம்பிச்சுரும். அதுக்குச் சான்று கேட்டா, சாட்சி சொல்ல இந்த ஊருல நானே நாலு பேரக் கூட்டிட்டு வருவேன்.